டென்சோ ஒக்சிஜன் சென்சர்: பிரியஸில் நானே மாற்றினேன், அதுவும் இரண்டு தரம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சருக்குக் காசு கூடப் போனாலும் யப்பான் கம்பனியான டென்சோவினதையே வாங்குங்கள், அதோடு சென்சரின் வயர் வெளியே வரப் பக்கம் வெட்டின சொக்கெட் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் பொனட்டைத் திறவுங்கள். நான் முதலில் பெயர் தெரியாத மலிவுச் சென்சர் வாங்கினேன், சொக்கெட் எதற்கு என்று நினைத்தேன், கடைசியில் இரண்டையும் வாங்கவேண்டி வந்தது. ஒரு நாள் வேலை இரண்டு சனிக்கிழமைகளைத் தின்றது. இரண்டாவது சனிக்கிழமை தேத்தண்ணி வைத்துவிட்டுப் போன மனைவி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

கார் 2011 ரொயோட்டா பிரியஸ், மூன்றாம் தலைமுறை, 1.8 லீற்றர் எஞ்சின், யப்பானில் ஓடிவிட்டு இங்கே இலங்கைக்கு வந்தது. டிஸ்பிளேயில் இன்னும் யப்பான் எழுத்துத்தான், எதற்கு என்ன அர்த்தமென்று வடிவத்தைப் பார்த்துப் பழகிவிட்டோம். விற்றுவிட்டுப் புதிதாக எடுக்கலாமென்று 2020இல் நினைத்துக்கொண்டிருந்தபோது வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள், அதற்குள் விலையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சும்மா சொல்லக்கூடாது, 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தில் வீட்டைக் காப்பாற்றியது இந்தக் கார்தான். மீற்றரில் இப்போது 162,000 கிலோமீற்றர். அது உண்மையான கணக்கா என்று கேட்காதீர்கள்.

போன மாரி முடிந்த கையோடு செக் எஞ்சின் லைற் எரிந்தது. ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடின கார் 16க்கு இறங்கிவிட்டது. முதலில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் பொனட்டைக் கூடத் திறக்காமல், "அண்ணா, ஹைபிரிட் பற்றரி போகுது, இப்பவே மாத்தினா நல்லது" என்றார். ஹைபிரிட் வைத்திருக்கும் யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்கமாட்டார்கள். டயர் காற்றுப் போனாலும் பற்றரிதான் காரணம். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, முன்பு வாங்கி வைத்திருந்த, காரின் கோளாறுக் கோட்டை வாசிக்கும் ஈஎல்எம் 327 புளூடூத் ஸ்கானரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் பார்த்தேன். பற்றரி பழுதென்றால் பி0ஏ80 என்ற கோட் வரவேண்டும். எனக்கு வந்தது பி0031. முன் ஒக்சிஜன் சென்சரைச் சூடாக்கும் ஹீற்றரின் சர்க்கியூட்டில் கோளாறு என்று அதற்கு அர்த்தம். பற்றரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த ஸ்கானரைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கொடுத்த காசுக்குக் கூடுதலாக உழைத்தது அதுதான். நெருப்புப்பெட்டி அளவு சாமான், போனில் ஒரு செயலி போட்டால் போதும், கோட் வாசிக்கும், அழிக்கும், ஓடும்போது சென்சர் என்ன சொல்கிறது என்று காட்டும். மிக மலிவான பிரதிகள் சில பாதியில் தொடர்பை விட்டுவிடும், அதனால் ஒரு படி மேலே வாங்குங்கள். அவ்வளவுதான்.

சரி, சென்சருக்கு வருவோம். இந்தக் காரில் புகைப்பாதையில் இரண்டு இருக்கின்றன. எஞ்சினை ஒட்டி, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிக்குக்கு முன்னால் இருப்பது காற்று எரிபொருள் விகிதத்தை அளப்பது. கற்றலிக்குக்குப் பின்னால் இருப்பது சாதாரண ஒக்சிஜன் சென்சர். கடையில் இரண்டையும் ஒக்சிஜன் சென்சர் என்றுதான் சொல்வார்கள், பார்க்கவும் அண்ணன் தம்பி மாதிரி, இரண்டுக்கும் நாலு வயர், இரண்டுக்கும் ஒரே 18 மில்லிமீற்றர் மரை. ஆனால் வேலை வேறு. பின்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஆடி, பெற்றோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பதை மட்டும் சொல்லும். முன்னால் இருப்பது எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று அளந்தே சொல்லும், அதை வைத்துத்தான் கம்பியூட்டர் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைப் பிடித்துவைக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினால் மரையில் அழகாக ஏறும், ஆனால் வேலை செய்யாது. ரொயோட்டா பார்ட் நம்பரில் முன் சென்சர் 89467 என்று தொடங்கும், பின் சென்சர் 89465 என்று தொடங்கும். கடைக்குப் போகும்போது இந்த இரண்டு எண்ணையும் உள்ளங்கையிலாவது எழுதிக்கொண்டு போங்கள்.

ஹீற்றர் எதற்கென்றால், இந்தச் சென்சர்கள் குளிராக இருக்கும்போது ஊமை. நூற்றுக்கணக்கான பாகை சூடேறினால்தான் பேசும். சாதாரணக் காரில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதால் புகையும் அதைச் சூடாக வைத்திருக்க உதவும். ஹைபிரிட்டில் எஞ்சின் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும், பிறகு வரும், பிறகு நிற்கும். ஒவ்வொரு தரமும் ஆறுகிற சென்சரை மறுபடி காய்ச்சுவது அந்த ஹீற்றர்தான். பதின்மூன்று பதினாலு வருடம் அப்படி உழைத்த பிறகு அது செத்துப்போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மல்டிமீற்றரால் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு கறுப்பு வயருக்கு இடையில் அளந்தால் நல்ல சென்சர் ஆறின நிலையில் 2 ஓம் பக்கத்தில் காட்டும். என்னுடையது ஒன்றுமே காட்டவில்லை, உள்ளே இழை அறுந்துவிட்டது. இந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை, இதைச் செய்யாமல் சென்சர் வாங்காதீர்கள். வயர் எங்காவது அறுந்திருந்தாலும் இதே கோட் வரும், பியூஸ் போனாலும் வரலாம்.

இனி என் முட்டாள்தனம். டென்சோ விலையைக் கேட்டதும் நெஞ்சு இறுகியது. விலையை இங்கே எழுதுவதில் பயனில்லை, டொலர் ஏறினால் ஏறும், வாசிக்கிறபோது வேறாக இருக்கும், விகிதத்தை மட்டும் சொல்கிறேன்: பெயரில்லாத வெள்ளைப் பெட்டியில் வருவதைப் போல நாலு மடங்கு. இரண்டும் இரும்புக் குழாயும் நாலு வயரும்தானே என்று நினைத்து வெள்ளைப் பெட்டியை எடுத்தேன்.

வேலை எப்படி என்றால், சென்சரைக் கழற்றுவது பத்து நிமிடம், அதனிடம் போய்ச்சேருவது ஒன்றரை மணித்தியாலம். இந்த எஞ்சினில் புகைக்குழாய் பின்பக்கம், கண்ணாடியின் அடியில் இருக்கும் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வைப்பர் கை இரண்டையும் கழற்றவேண்டும், கழற்ற முதல் கண்ணாடியில் அவை நிற்கும் இடத்தில் சின்னத் துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் பூட்டும்போது வைப்பர் கோணலாய் நிற்கும். நட்டைக் கழற்றினாலும் கை வராது, பல்லில் இறுகிப்போயிருக்கும், மேலும் கீழுமாக மெதுவாக அசைத்து அசைத்துத்தான் எடுக்கவேண்டும். பிறகு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, அதன் கிளிப்புகளில் மூன்றை உடைத்தேன், வெயிலில் பத்து வருடம் காய்ந்த பிளாஸ்டிக் தொட்டாலே முறிகிறது. பிறகு வைப்பர் மோட்டர் அதன் கம்பிகளோடு முழுதாக. அதற்கும் கீழே தகட்டுத் தொட்டி, சுற்றிவர 10 மில்லிமீற்றர் போல்ட்டுகள். அந்தத் தொட்டியைத் திறந்தபோது ஒரு கூடை வேப்பம் இலை. எங்கள் முற்றத்தில் காரை நிறுத்துவது வேப்ப மரத்தடியில்தான், பழைய இலை சேறாகி, தண்ணி ஓடும் துளையை அடைத்து, உள்ளே ஒரு சின்னச் செடி முளைத்து மூன்று இலை விட்டிருந்தது. சென்சர் மாற்றாவிட்டாலும் மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இதை ஒருக்கால் திறந்து துப்புரவாக்குவது நல்லது.

தகட்டை எடுத்த பிறகு சென்சரின் தலை கீழே தெரியும். அதன் தலை 22 மில்லிமீற்றர். முதல் சனிக்கிழமை என்னிடம் இருந்தது வாய் திறந்த ஸ்பானர் மட்டும். முந்தின நாள் இரவே டபிள்யூடி 40 அடித்து ஊறவிட்டிருந்தேன், இருந்தும் கடற்காற்று பட்ட இரும்பு எங்கே இலேசில் விடும், ஸ்பானர் இரண்டு தரம் வழுக்கி மூலை மழுங்கத் தொடங்கியது. முற்றாக மழுங்கியிருந்தால் குழாயையே இறக்கவேண்டி வந்திருக்கும். பயந்துபோய் நிறுத்திவிட்டு, பழைய சென்சரின் வயரைக் கட்டரால் வெட்டினேன். எப்படியும் எறியப்போகிற சாமான்தானே. வயர் போய்விட்டால் வளையம் உள்ள ரிங் ஸ்பானர் மேலிருந்து நேராக இறங்கும், ஆறு மூலையையும் பிடிக்கும். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கையைச் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, இளஞ்சூட்டில் ஒரு இழுவை. 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஹைபிரிட்டில் கவனிக்கவேண்டியது இங்கேதான். காரை ரெடி நிலையில் (ஓடத் தயாராக) விட்டுவிட்டுக் கையை உள்ளே விடாதீர்கள். சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது என்று நம்பினால், பற்றரி இறங்கியதும் அது தன்பாட்டில் உயிர்பெறும். மூடின கராஜுக்குள் ரெடியில் விடுவதும் அதே காரணத்தால் ஆபத்து, புகை வீட்டுக்குள் வரும். திறப்பு சட்டைப்பையில் இருந்தாலும் கார் உங்களை அடையாளம் கண்டுவிடும், அதனால் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் பெரிய பற்றரியின் 201.6 வோல்ட் வழி, இன்வேர்ட்டருக்குள் 650 வோல்ட் வரை ஏறும். இந்த வேலைக்கு அவற்றைத் தொடத் தேவையே இல்லை, தொடாதீர்கள், ஸ்பானரையும் அவற்றின் மேல் வைக்காதீர்கள்.

நான் இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ்வையும் கழற்றினேன். அது பிரியஸில் பின்னால், டிக்கியின் வலப்பக்க மூலையில் இருக்கிறது. கழற்றிவிட்டு முன்னால் போனேன். மகன் வந்து, "அப்பா, இது திறந்து கிடக்குது" என்று நல்ல பிள்ளையாக டிக்கியைச் சாத்திவிட்டுப் போனான். பிரியஸ் டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும். மின்சாரம் தரவேண்டிய பற்றரி டிக்கிக்குள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதை. பொனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கிறது, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க. பக்கத்து வீட்டு அண்ணையின் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கடன் வாங்கி அதில் ஜம்ப் வயரைப் பிடித்துத்தான் டிக்கியைத் திறந்தோம். ஆனால் நெகட்டிவ் கழன்றிருந்ததால்தான் அந்தச் சின்னப் பற்றரியே போதுமாக இருந்தது என்று அண்ணை சொன்னார், அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை. நீங்கள் டிக்கி வாயில் ஒரு தடியைச் செருகி வையுங்கள்.

மலிவுச் சென்சரைப் பூட்டினேன். வயர் அசலைவிட ஒரு சாண் குட்டை, பிளக்கை எட்ட இழுத்துத்தான் மாட்டவேண்டியிருந்தது, அதனால் வயர் சூட்டுத் தகட்டை உரசிக்கொண்டு போனது. கோட் அழித்தேன், லைற் போனது, வீட்டில் பெருமையடித்தேன். ஆறு கிழமை. லைற் மறுபடி எரிந்தது, இந்தத் தரம் பி2ஏ00. சென்சர் மந்தமாகப் பதில் சொல்கிறது என்று அர்த்தம். அடுத்த கிழமையே பழைய பி0031உம் துணைக்கு வந்தது. கழற்றிப் பார்த்தால் ஹீற்றர் போய்விட்டது. வாங்கின கடையில், மின்சாரச் சாமானுக்கு உத்தரவாதம் இல்லை என்று பில்லில் சின்ன எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். உண்மையாகவே இருந்தது.

கொழும்புக்கு வேலையாகப் போனபோது வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இருந்த வயதானவர் நான் வாயைத் திறக்க முதலே, "தம்பி, செசி நம்பர் இருக்கா?" என்று கேட்டார். அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. காரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் கேட்டு எடுத்துத் தருகிறவரிடம் வாங்காதீர்கள், ஒரே வருடத்துக் காரிலும் பிளக் வேறாக இருக்கலாம். யப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் சென்சரும் வைத்திருந்தார், அதை எடுக்கவா என்று கேட்டதற்கு, "ஓடின சென்சர் வாங்குறதும் ஓடின செருப்பு வாங்குறதும் ஒண்டு" என்றார். விற்கிறவரே அப்படிச் சொன்னால் என்ன செய்வது, புது டென்சோவை எடுத்தேன்.

இனித்தான் சாமானைப் பற்றி. பழைய அசல் சென்சரைப் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று, மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். டென்சோவின் எண்கள் உலோகத்தில் செதுக்கினது போல நகத்துக்குத் தட்டுப்பட்டன, வெள்ளைப் பெட்டிக்காரனுடையது மையில் அச்சடித்தது, ஆறு கிழமைச் சூட்டில் பாதி அழிந்திருந்தது. முனையில் இருக்கும் மூடியின் துளைகள் டென்சோவில் பழைய அசலின் துளைகளைப் போலவே ஒழுங்காக, மற்றதில் ஒன்று பெரிது ஒன்று சிறிது. வயரின் நீளம் அசலோடு மயிரிழை பிசகவில்லை, வயர் மேல் போட்டிருக்கும் உறையும், அதைக் கொக்கியில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டும்கூட அதே இடத்தில். மரையில் இறுகாமலிருக்கச் சாம்பல் நிறப் பசை ஏற்கனவே பூசி வந்தது. நீங்களாகப் பூசுவதென்றால் மரையில் மட்டும், முனையில் ஒரு சொட்டுப் பட்டாலும் சென்சர் கெட்டுவிடும். பிளக்குக்குள் கிரீஸ் அடைப்பதும் வேண்டாம், சென்சருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும், அது வயர் பக்கத்தால்தான் உள்ளே போகிறது. கீழே விழுத்தினால் உள்ளிருக்கும் பீங்கான் வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, நீங்கள் வெள்ளைப் பெட்டிக்காரனைத் திட்டியது போல டென்சோவைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பூட்டும்போது சொக்கெட்டின் அருமை தெரிந்தது. பக்கத்தில் ஒரு நீள வெட்டு இருக்கும், அதனால் வயர் வெளியே வரும், ரச்செட்டும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சும் அதில் பூட்டலாம். இறுக்கம் 44 நியூட்டன் மீற்றர். ஸ்பானரால் மதிப்புக்கு இறுக்கினால் குறைவாக இறுகிப் புகை கசியும், அல்லது கூட இறுகி அடுத்த தரம் வராது. இன்னொன்று, கையால் முதலில் திருகும்போது வயரும் சேர்ந்து முறுகும், அதனால் பிளக்கைக் கடைசியில் மாட்டுங்கள். நான் வாங்கிய சொக்கெட் பெயரில்லாததுதான், அதில் குறையில்லை, ஆனால் வெட்டு இருப்பதால் மிகவும் இறுகின சென்சரில் வாய் விரியும் போலத் தெரிகிறது. கழற்ற ரிங் ஸ்பானர், பூட்டச் சொக்கெட், இதுதான் என் முடிவு.

சோதிக்கும்போது இன்னொரு சிக்கல். சாதாரணக் காரென்றால் ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஸ்கானரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிரியஸ் சூடானதும் எஞ்சினை நிறுத்திவிடும், பார்க்க ஒன்றுமிராது. அதற்குத்தான் பராமரிப்பு நிலை. பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்தி, ஒரு நிமிடத்துக்குள் பார்க் கியரில் அக்சிலரேற்றரை முழுதாக இரண்டு தரம், நியூட்ரலில் இரண்டு தரம், திரும்பப் பார்க்கில் இரண்டு தரம் மிதிக்கவேண்டும். பிறகு பிரேக்கை மிதித்து பவர் பட்டனை அழுத்தினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். எனக்கு நாலாம் தரம்தான் சரிவந்தது, என் டிஸ்பிளேயில் என்ன எழுதி வந்ததென்று கடவுளுக்குத்தான் தெரியும், எஞ்சின் நிற்கவில்லை, அது போதும். இந்த நிலையில் ரோட்டில் ஓட்டக்கூடாது, பார்த்து முடிந்ததும் ஓஃப் பண்ணிவிடுங்கள்.

முன்பு கம்பியூட்டர் நிரந்தரமாகக் கூட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த பெற்றோல் 11 வீதம், டென்சோ பூட்டி இரண்டு கிழமை ஓடிய பிறகு 3இல் நிற்கிறது. லீற்றருக்கு 19க்கு மேல் வந்துவிட்டது, ஏசி போடாவிட்டால் 20. ஏழு மாதமாக லைற் எரியவில்லை.

ஒரு எச்சரிக்கை, பி0420 வந்தவர்களுக்கு. அந்தக் கோட் பின் சென்சரின் வாயால் வருவதால் சனம் ஓடிப்போய் அந்தச் சென்சரை மாற்றுகிறது. பெரும்பாலும் அது கற்றலிக் களைத்துவிட்டது என்ற செய்தி. தூதனை மாற்றினால் செய்தி மாறாது. அதேபோல எண்ணெய் குடிக்கிற, கூலன்ட் குறைகிற எஞ்சினில் புதுச் சென்சர் போடுவதும் வீண், அந்த அழுக்கே அதையும் மூடிவிடும். முதலில் எஞ்சினைப் பாருங்கள்.

டென்சோவுக்கு ஐந்துக்கு ஐந்து, விலைக்காக அரையைக் குறைக்கலாம் என்று பார்த்தேன், மலிவில் போன காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். சொக்கெட்டுக்கு மூன்றரை. ஸ்கானருக்கு ஐந்து. பின் சென்சர் இன்னும் பழையதுதான், அது பேசிக்கொண்டிருக்கும்வரை தொடப்போவதில்லை. உடைந்த மூன்று கிளிப்பும் இன்னும் வாங்கவில்லை, மழைக்கு வைப்பர் போட்டால் இடப்பக்கம் கடகடவென்று அடிக்கிறது.